மர்மக் கதைக்கு அன்றாடம் கரு தேடுவது எப்படி?

மர்மக் கதை எழுத விரும்பும் புதியவர்களில் பலர், முதலில் ஒரு கொலையைக் கற்பனை செய்துவிட்டு, அதற்கேற்ற கொலையாளியையும் காரணத்தையும் தேடி அலைந்து, இரண்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். இந்த வகைக் கதைக்குக் கொலை கட்டாயமே இல்லை. எங்கோ பொருந்தாத ஒரு விஷயமும், அதற்கு விடை தெரிந்தும் வாய் திறக்காத ஒருவரும் இருந்தால் போதும். அப்படிப்பட்ட விஷயங்களை அன்றாட வாழ்விலிருந்து சேகரிக்கும் முறை இது.

முதல் படி: நாளுக்கு ஒரு முரண்

எப்போதும் கையில் இருக்கும்படி ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். (கைப்பேசியில் எழுதுபவர்களும் உண்டு, எனக்குக் காகிதம்தான் ஒத்துவருகிறது.) இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத ஒன்று, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் ஒன்று, வழக்கமில்லாத நேரத்தில் நடக்கும் ஒன்று, இவற்றில் ஏதேனும் ஒன்றை நாள்தோறும் குறித்துவையுங்கள். உதாரணமாக, வெயில் காயும் நாளில் ஒருவர் நனைந்த குடையோடு படியேறி வருகிறார். அன்றைக்கு இதை மட்டும் எழுதினால் போதும். காரணத்தையும் உடனே எழுதிவிட்டால், கற்பனை அந்த முதல் காரணத்திலேயே ஒட்டிக்கொள்ளும். 'விசித்திரமான மனிதர்' போன்ற முடிவுகளைத் தவிர்த்து, காலணியில் சேறு இருந்ததா, சட்டை உலர்ந்திருந்ததா என்று பார்த்து எழுதுங்கள். துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயிலுக்கு எடின்பரோவில் மருத்துவம் கற்பித்த ஜோசப் பெல், நோயாளியின் நடையையும் கைகளையும் உடையையும் கவனித்தே அவருடைய தொழிலை ஊகித்துச் சொல்பவர். ஹோம்ஸ் உருவாக அவரே முன்மாதிரியாக இருந்தார்.

இரண்டாம் படி: மூன்று காரணங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இதுதான். மறுநாள் அந்தக் குறிப்புக்கு மூன்று காரணங்கள் எழுதுங்கள்: குற்றமற்ற ஒன்று, வெட்கப்பட்டு மறைக்கக்கூடிய ஒன்று, குற்றத்தை மறைக்கும் ஒன்று. குடைக்காரர் அழுக்கான குடையைக் கழுவியிருக்கலாம். அலுவலக வேலை போய்விட்டதை வீட்டாரிடம் சொல்லாமல், வாகனம் கழுவும் இடத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அல்லது, மழை பெய்த வேறோர் ஊரிலிருந்து அப்போதுதான் வந்ததாக எல்லோரையும் நம்பவைக்க, வேண்டுமென்றே குழாயில் நனைத்திருக்கலாம். முதல் காரணம், வாசகர் அதைக் கவனித்தும் கடந்துபோவதற்கு உதவும். இரண்டாவது, சந்தேகத்தைத் திசைதிருப்பும் பொய்த்தடயமாகப் பயன்படும். மூன்றாவதே முடிச்சு. உலர்ந்திருந்த சட்டை, அந்த முடிச்சை அவிழ்க்கும் துப்பாகிவிடும்.

மூன்றாம் படி: செய்தியின் கேள்வியை மட்டும் எடுங்கள்

பெரிய குற்றச் செய்திகளைவிட, நான்கு வரிகளில் முடிந்துபோகும் சிறு செய்திகளே அதிகம் உதவும். அந்தச் செய்தி எழுப்பும் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, பெயர், ஊர், உறவு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்; துயரத்தில் இருக்கும் குடும்பத்தை அப்படியே கதையாக்குவது முறையன்று. விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் குழந்தை 1932இல் கடத்திக் கொல்லப்பட்டதை ஒத்த ஒரு சம்பவத்தை, மர்மக் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1934இல் வெளியான தன் நாவலில் பின்கதையாக மட்டும் அமைத்து, ரயிலில் நடக்கும் வேறொரு கொலையைக் கதையாக்கினார்.

நான்காம் படி: உங்கள் தொழில்

முதல் உலகப் போரின்போது மருத்துவமனையின் மருந்தகப் பிரிவில் பணியாற்றியதால்தான் கிறிஸ்டிக்கு நஞ்சுகளைப் பற்றித் தெரிந்திருந்தது. உங்கள் வேலையில் உங்களுக்கு மட்டுமே கண்ணில் படும் தவறு எது என்று கேட்டுப்பாருங்கள். கணக்கருக்கு, வரிசை மாறிய ஒரு ரசீது எண்ணே போதும்.

ஐந்தாம் படி: வாரம் ஒரு தேர்வு

வார இறுதியில் ஒரு குறிப்பைத் தேர்ந்து, அதன் முடிவைத்தான் முதலில் எழுத வேண்டும். உண்மை தெரிந்தவர் ஏன் பேசவில்லை என்பதற்கு வலுவான காரணம் கிடைக்கிறதா, யாரேனும் ஒருவர் ஒரு தொலைபேசி அழைப்பு செய்தாலே எல்லாம் வெளிப்பட்டுவிடுமா என்று சோதியுங்கள். வெளிப்பட்டுவிடும் என்றால், அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடாமல் ஒதுக்கிவையுங்கள். வேறொரு கதையில் அது பொய்த்தடயமாக உதவும்.