கதிரைக்கும் காசு உண்டு: போக்கர் மேசையில் புதியவர்கள் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கசினோ கிடையாது. ஆனால் இங்கே 304 என்ற சீட்டாட்டத்தை ஆடி, எந்தத் துரும்பு இறங்கியது, எது இன்னும் யார் கையில் இருக்கிறது என்று மனதிலேயே எண்ணிப் பழகிய பிள்ளைகள், படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போனதும் ஒரு போக்கர் மேசையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது, நான் கனடாவில் நெடுங்காலம் ஆடியவன் என்பதால் என்னிடம் வந்து கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஆட்டத்தில் குறை இருப்பதில்லை. காசு வேறு வழியாகக் கசிந்திருக்கும்.

கடன் வாங்கி ஆடாதே, குடித்துவிட்டு ஆடாதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரேக்கும் கதிரைக் கட்டணமும் ஒன்றென்று நினைப்பது

சிறிய பந்தய மேசைகளில் கசினோ இரண்டு விதமாகக் காசு எடுக்கும். ஒன்று ரேக். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் காசிலிருந்து, சீட்டுப் போடும் டீலர் ஒரு பங்கை எடுத்துவிடுவார். பத்து வீதம் என்பது பரவலான அளவு; அதற்கு ஓர் உச்ச வரம்பும் இருக்கும். அந்த ஆட்டத்தை வென்றவரின் காசிலிருந்துதான் அது போகிறது. மற்றது கதிரைக் கட்டணம். அரை மணித்தியாலத்துக்கோ ஒரு மணித்தியாலத்துக்கோ இவ்வளவு என்று, வென்றாலும் தோற்றாலும் அமர்ந்திருக்கிற எல்லோரும் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இந்த இரண்டாவது முறைதான் வழக்கம். ஆடுகிறவர் வெல்லும் காசைத் தவிர வேறு எவரும் ஆட்டத்திலிருந்து ஆதாயம் பெறக்கூடாது என்கிறது அங்குள்ள சட்டம். அதனால் கிளப்புகள் பந்தயக் காசில் கை வைக்காமல், உறுப்பினர் கட்டணமும் நேரக் கட்டணமும் வாங்குகின்றன.

நல்ல சீட்டுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும் ஆட்டம் ரேக் மேசையில் மலிவு. நேரத்துக்குக் காசு வாங்கும் மேசையில் அதே பொறுமைக்கு விலை இருக்கிறது.

குறைந்தபட்ச பை-இன்னோடு அமர்வது

பை-இன் என்பது மேசையில் அமரும்போது காசு கொடுத்துச் சிப்பாக வாங்கி முன்னால் வைக்கும் தொகை. அதைக் குறைவாக வைப்பதுதான் எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. இதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏனென்றால், கவனமான பிள்ளைகள்தான் இதைச் செய்கிறார்கள்.

ஹூஸ்டனில் படிக்கும் கோண்டாவில் பிள்ளை ஒருவன், "குறைவாகத்தானே வைக்கிறேன் மாமா, போனால் எண்பது டொலர்தானே?" என்றான். தன் கைபேசியில் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் காட்டினான். ஒரு வரியில் "உள்ளே 80, வெளியே 95, லாபம் 15" என்று இருந்தது. அன்று ஐந்து மணித்தியாலம் ஆடியிருக்கிறான். மணித்தியாலத்துக்கு 12 டொலர் வீதம் 60 டொலரை வாசல் மேசையில் வங்கி அட்டையால் கட்டியிருக்கிறான். அந்த 60 எங்கும் எழுதப்படவில்லை. பதினைந்து டொலர் லாபம் என்று அவன் நம்பிய இரவு, உண்மையில் 45 டொலர் நட்டம். அந்தப் பட்டியலில் இருந்த "லாபங்கள்" பலவும் இப்படித்தான்.

கணக்கை மெதுவாகப் பாருங்கள். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் பந்தயம். சிறியது ஒரு டொலர், பெரியது (பிக் பிளைண்ட்) இரண்டு டொலர் உள்ள மேசை, ஒன்பது பேர். மணித்தியாலத்துக்கு 27 ஆட்டம் நடந்தால் உங்களுக்கு மூன்று சுற்று வரும். சுற்றுக்கு 3 டொலர் என்று பிளைண்டுக்கே 9 டொலர் போகும். கட்டணம் 12. ஆக, ஒரு சீட்டும் ஆடாமல் கை கட்டி இருந்தாலே மணித்தியாலத்துக்கு 21 டொலர் செலவு. சில இடங்களில் டீலர் கட்டணத்தை உங்கள் முன்னால் இருக்கும் சிப்பிலிருந்தே எடுப்பார். அங்கே 80 டொலர் நான்கு மணித்தியாலத்துக்குக்கூடத் தாங்காது. 200 டொலரோடு அமர்ந்தவரிடம் அப்போதும் 116 மிஞ்சியிருக்கும்.

இதைவிடப் பெரிய சேதம் நல்ல சீட்டு வரும்போது நடக்கிறது. போக்கரில் உங்கள் முன்னால் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் எதிராளியிடமிருந்து வெல்லலாம். ஓர் இரவு இந்தப் பிள்ளைக்கு ஏஸ் சோடி வந்தது. எதிரே இருந்தவரிடம் 300 டொலருக்கு மேல். அவரும் முழுதாக இறங்கத் தயாராக இருந்தார். இவனிடம் மிஞ்சியிருந்தது 52. மூன்று மணித்தியாலம் காசு கட்டிக் காத்திருந்த சீட்டு, அவரிடமிருந்து 52 டொலரை மட்டும் வாங்கிக் கொடுத்தது. அதில் 36 டொலர் கதிரைக்கு ஏற்கெனவே போய்விட்டது.

இந்த மேசையில் 12 டொலர் என்பது ஆறு பிக் பிளைண்ட். இந்த மட்டத்தில் நன்றாக ஆடுகிறவர் மணித்தியாலத்துக்கு ஐந்திலிருந்து பத்து பிக் பிளைண்ட் வென்றாலே பெரிய காரியம். அதாவது திறமையின் பலனில் பாதிக்கு மேல், சில வேளை முழுவதுமே, கதிரைக்குப் போகிறது. மீதியை உழைப்பதற்கு முழு ஸ்டாக், அதாவது முன்னால் முழு அளவு சிப், வேண்டும்.

குறைந்த சிப்போடு நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ரேக் மேசைக்காரர்கள். அது தனி வித்தை. நேரக் கட்டண மேசையில் உச்ச பை-இன்னை, அல்லது அதற்கு மிக நெருங்கிய தொகையை வையுங்கள். அந்த 200 டொலர் போனால் வாடகைக்கு இடிக்கும் என்றால் 80 டொலரோடு போய் அமராதீர்கள். அந்த மேசைக்கே போகாதீர்கள். குறைந்தபட்ச பை-இன் உங்கள் பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட தொகை இல்லை. கதிரையை நிரப்புவதற்கு கிளப் வைத்த தொகை அது.

எழுந்து போனால் கட்டணம் நிற்கும் என்று நம்புவது

நிற்காது. கதிரையை விட்டுக்கொடுத்து, வாசல் மேசையில் சொல்லிவிட்டுப் போனால்தான் நிற்கும். கோடைகாலத்தில் ஹூஸ்டனில் இரவு ஏழு மணி என்றால் இங்கே விடிய ஐந்தரை. அம்மா எழும்பியதும் எடுக்கும் நேரம். வெளியே நின்று அரை மணித்தியாலம் பேசினால் அந்த அழைப்புக்கு 6 டொலர் ஆகியிருக்கும். அம்மாவோடு பேசுங்கள், ஆட்டத்துக்குப் போகும் முன் பேசுங்கள்.

வென்ற சிப்பைச் சட்டைப்பையில் போடுவது

304 ஆடும் திண்ணையில் வென்ற காசை எப்போது வேண்டுமானாலும் மடியில் கட்டலாம். கசினோவில் ஆட்டம் முடித்து எழும் வரை மேசையில் இருப்பது மேசையிலேயே இருக்க வேண்டும். எழுந்து போய்ச் சற்று நேரத்தில் அதே மேசைக்குத் திரும்பினால், கொண்டுபோன அளவை அப்படியே கொண்டுவந்து வைக்கச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் வெளியே இருந்தால் அந்த விதி தீரும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். கேட்டுவிடுங்கள். தெரியாமல் செய்தாலும் மேசையில் இருப்பவர்கள் ஏமாற்றுக்காரனாகத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை ஊரிலிருந்து புதிதாகப் போன பிள்ளை ஒன்று தாங்க வேண்டிய தேவையில்லை.

ஆட்டத்தின் நடுவில் காசு சேர்ப்பது

முடியாது. ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சேருங்கள்.

கொழும்புக்குப் போகும்போது நுழைவு வரியை மறப்பது

கொழும்புக் கசினோக்களுக்குள் நுழைய இலங்கையருக்கு டொலரில் கணக்கிடப்படும் அரசாங்க வரி உண்டு. சிறிய மேசையில் ஆடப் போகிறவருக்கு அது பை-இன்னோடு போட்டிபோடும் தொகை. வாசலில் போகும் காசையும் அன்றைய செலவில் எழுதுங்கள்.

ஊரில் மேசை போட்டுக் கட்டணம் வாங்குவது

வேண்டாம். அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

டீலரின் டிப்பைக் கணக்கில் சேர்க்காதது

அமெரிக்காவில் ஓர் ஆட்டத்தை வென்றால் டீலருக்கு ஒரு டொலர் சிப்பைத் தள்ளிவிடுவது வழக்கம். கதிரைக் கட்டணம் கட்டிவிட்டோமே என்று அதை நிறுத்தாதீர்கள்; அது தனி. கைபேசிக் குறிப்பில் இதற்கும் ஒரு பத்தி வையுங்கள்.