ஆட்சேர்ப்பு மென்பொருளில் விண்ணப்பதாரர்களின் ஆவணங்களைக் குறியாக்கம் செய்து காப்பது எப்படி?

வேலை தேடி வரும் ஒருவர் தம் கடவுச்சீட்டின் நகல், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவச் சான்று, பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றை அதுவரை அறிந்திராத ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். வேலை கிடைக்காமல் போனாலும் அந்த ஆவணங்கள் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. கசிந்த கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியையும் நோய் விவரத்தையும் எவராலும் மாற்றிக்கொள்ள இயலாது. அத்தகைய மென்பொருளை உருவாக்குவோரும் பராமரிப்போரும் செய்ய வேண்டியவற்றை இங்கே விளக்குகிறேன்.

எந்த ஆவணம் எந்தக் கட்டத்தில் தேவைப்படுகிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள். விண்ணப்பிக்கும்போது தன்விவரக் குறிப்பு போதும். அடையாளச் சான்றையும் வங்கி விவரத்தையும் பணி உறுதியான பிறகே கேட்கலாம். தேவைக்கு முன்பே வாங்கி வைத்த ஆவணங்களையும் சேர்த்துக் காக்கும் சுமையை இதனால் தவிர்க்கலாம்.

அடுத்து, குறியாக்கம், அதாவது திறவுகோல் எனும் ரகசிய எண் இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது, எந்த அடுக்கில் நடக்கிறது என்று பாருங்கள். “எங்கள் தரவு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது” என்று விற்பனையாளர் சொன்னால், பெரும்பாலும் அவர் வட்டு அளவிலான குறியாக்கத்தையே குறிப்பிடுகிறார். வட்டு திருடு போனால் அது காப்பாற்றும். ஆனால் சேவையகம் இயங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்துவிட்டவருக்கும், அளவுக்கு மீறிய அனுமதி பெற்ற ஊழியருக்கும் கோப்புகள் திறந்த நிலையிலேயே தெரியும். எனவே கோப்பு சேமிப்பகத்தைச் சென்றடையும் முன், ஆட்சேர்ப்பு மென்பொருளின் அடுக்கிலேயே அதைக் குறியாக்கம் செய்தாக வேண்டும்.

இதற்கு, பதிவேற்றப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் 256 பிட் நீளமுள்ள புதிய திறவுகோல் ஒன்றை, பாதுகாப்பான தற்போக்கு எண் உருவாக்கியின் மூலம் பெற்று, ஏஇஎஸ் (AES) என்ற குறியாக்க முறையை ஜிசிஎம் (GCM) என்ற பாங்கில் பயன்படுத்துங்கள். ஜிசிஎம் பாங்கு உள்ளடக்கத்தை மறைப்பதோடு, அதை யாரேனும் திருத்தியிருந்தால் அதையும் காட்டிக்கொடுக்கும். அதில் பயன்படும் 96 பிட் நான்ஸ் எண் (ஒவ்வொரு குறியாக்கத்துக்கும் ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய எண்) ஒரே திறவுகோலுடன் இரண்டாம் முறை வந்துவிட்டால் பாதுகாப்பு குலைந்துவிடும். கோப்பின் திருத்திய பதிப்புக்கும் புதிய திறவுகோலையே உருவாக்கினால் அந்த ஆபத்து எழாது. விண்ணப்பதாரர் எண்ணையும் ஆவண எண்ணையும் கூடுதல் சரிபார்ப்புத் தரவாக, அதாவது கோப்பைத் திறக்கும்போது பொருந்தியாக வேண்டிய தகவலாக, சேர்த்துவிடுங்கள். ஒருவரின் கோப்பை இன்னொருவரின் பதிவில் மாற்றி வைத்தால், அப்போது அது திறக்காது.

கோப்பின் திறவுகோலை முதன்மைத் திறவுகோல் ஒன்றால் மறுபடி குறியாக்கம் செய்த பிறகே சேமிக்க வேண்டும். அந்த முதன்மைத் திறவுகோல், திறவுகோல்களைக் காப்பதற்கென உள்ள மேலாண்மைச் சேவையிலோ அதற்கென உள்ள தனி வன்பொருளிலோ இருக்க வேண்டும். மூல நிரலிலோ, அமைவுக் கோப்பிலோ, அதே தரவுத்தளத்திலோ இருந்தால், பூட்டிய வீட்டின் வாசலிலேயே சாவியைத் தொங்கவிட்டது போலாகும். இந்த அமைப்பில் முதன்மைத் திறவுகோலை மாற்றுவதும் எளிது: பெரிய கோப்புகளைத் தொடாமல், சிறிய திறவுகோல்களை மட்டும் புதிதாகக் குறியாக்கம் செய்தால் போதும்.

விண்ணப்பதாரர் தம் ஆவணங்களை அழிக்கச் சொன்னால், அவற்றின் திறவுகோல்களை அழிப்பதன் மூலம் காப்புப் பிரதிகளில் உள்ள கோப்புகளையும் பயனற்றவையாக்க முடியும். இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: அந்தத் திறவுகோல்கள் இருக்கும் தரவுத்தளத்திற்கும் காப்புப் பிரதி இருக்கும், அதிலிருந்து அவற்றை மீட்டுவிடலாம். ஆகவே திறவுகோல் அட்டவணையைத் தனியே பிரித்து, அதன் காப்புப் பிரதிகளைக் குறுகிய காலத்திற்கு மட்டும் வைத்திருங்கள்.

அனுபவத்தில் பார்த்தால், குறியாக்க முறை உடைக்கப்படுவதைவிட அதைச் சுற்றிலும் சிந்தும் நகல்களே அதிகம் கசிகின்றன. முன்னோட்டப் படம், தேடலுக்காகப் பிரித்தெடுத்த உரை, நச்சுநிரல் சோதனையின்போது உருவாகும் தற்காலிகக் கோப்பு, நேர்காணல் குழுவுக்கு மின்னஞ்சலில் போன இணைப்பு, பிழைப் பதிவேடு, ஆளின் பெயரையும் அடையாள எண்ணையும் தாங்கிய கோப்புப் பெயர் ஆகிய ஒவ்வொன்றையும் தேடிப் பிடியுங்கள். மின்னஞ்சலில் கோப்பை அனுப்புவதற்குப் பதிலாக, உள்நுழைந்தவர்க்கு மட்டும் திறக்கும், சில நிமிடங்களில் காலாவதியாகும் சுட்டியை அனுப்புங்கள்.

அடையாள எண்ணைக் கொண்டு தேட வேண்டியிருந்தால், எண்ணை அப்படியே வைக்காமல், எச்மேக் (HMAC) மதிப்பை, அதாவது அந்த எண்ணுடன் தனித் திறவுகோல் ஒன்றையும் கலந்து கணக்கிடும் மதிப்பைச் சேமியுங்கள். திறவுகோல் இல்லாத சாதாரண ஹாஷ் (எண்ணிலிருந்து மட்டும் கணக்கிடும், நேரடியாகப் பின்னோக்கித் திருப்ப முடியாத மதிப்பு) இங்கே போதாது; 12 இலக்க எண்ணுக்குச் சாத்தியமான எல்லா மதிப்புகளையும் இன்றைய கணினியால் முயன்று பார்த்துவிட முடியும்.

வழியில் செல்லும் தரவுக்கு, இணையத்தில் அதைக் குறியாக்கம் செய்து அனுப்பும் நெறிமுறையான டிஎல்எஸ் (TLS) 1.3 அல்லது 1.2 பதிப்பைக் கட்டாயமாக்குங்கள், 1.0, 1.1 பதிப்புகள் 2021-இல் முறைப்படி கைவிடப்பட்டுவிட்டன. குறியாக்கத்தை நீக்கும் உரிமையைப் பணிப்பொறுப்பின்படி பிரித்துக் கொடுங்கள். நேர்காணல் செய்பவருக்கு வங்கி விவரம் தேவையில்லை. யார், எந்த ஆவணத்தை, எப்போது திறந்தார் என்பது ஒவ்வொரு முறையும் பதிவாக வேண்டும்.

பழைய கோப்புகளைப் புதிய அமைப்புக்கு மாற்றிய பின், சேமிப்பகம் வைத்திருக்கும் முந்தைய பதிப்புகளையும் நீக்குங்கள். பிறகு இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். தரவுத்தளத்தின் நகலையும் கோப்புகளின் நகலையும், முதன்மைத் திறவுகோலை அணுக அனுமதி இல்லாத ஒரு கணினிக்குக் கொண்டு சென்று, ஏதேனும் ஓர் ஆவணம் திறக்கிறதா என்று பாருங்கள்; ஒன்றுகூடத் திறக்கக் கூடாது. அதன்பின் அதே நகல்களை, முறையான அனுமதியுள்ள புதிய சேவையகத்தில் மீட்டெடுத்து, எல்லாம் திறக்கின்றனவா என்று பாருங்கள். முதன்மைத் திறவுகோல் தொலைந்தால் ஆவணங்கள் அனைத்தும் என்றென்றைக்குமாகத் தொலைந்துவிடும் என்பதால், இந்த இரண்டாம் சோதனையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள்.