பெரு, பொலிவியா நீண்டதூர பஸ்: ஒரு முழு நாளையே விழுங்கும் தவறுகள்

குஸ்கோவில் தொடங்கி, புனோ வழியாக டிடிகாகா ஏரியைத் தாண்டி லா பாஸ், அங்கிருந்து உயூனி உப்புவெளி, பிறகு சிலே அல்லது அர்ஜென்டினா. முதுகுப்பையோடு தென் அமெரிக்கா போகிறவர்களில் நிறையப் பேர் பிடிக்கும் பாதை இது. பெரும்பகுதி பஸ்தான். அங்கே பஸ் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாவது சகஜம், அதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். முழு நாளாகப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பஸ் இல்லை, சாலை. அதன் நிலவரத்தை டிக்கெட் வாங்கும் முன்பே பார்க்க முடியும். பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு.

பொலிவியாவில் சாலை மறியலுக்கு 'ப்ளொகேயோ' என்று பெயர். விவசாயிகள், சுரங்கத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், கட்சிக்காரர்கள் என யாருக்குக் கோரிக்கை இருந்தாலும் கல்லும் மண்ணும் கொட்டி நெடுஞ்சாலையை அடைப்பார்கள். சில மறியல் மாலைக்குள் முடிந்துவிடும். 2024 அக்டோபரில் முன்னாள் அதிபர் ஏவோ மொராலெஸின் ஆதரவாளர்கள் தொடங்கியது 24 நாள் நீடித்தது. கொச்சபம்பாவைச் சுற்றிய சாலைகள் அடைபட்டதால் லா பாஸ் – சாந்தா குரூஸ் முக்கியப் பாதையே நின்றுபோனது. பெருவிலும் 2022 டிசம்பரில் அதிபர் பெத்ரோ காஸ்தீயோ பதவி நீக்கப்பட்டபின் புனோ வட்டாரம் வாரக்கணக்கில் முடங்கியது.

பொலிவியாவின் நெடுஞ்சாலை நிர்வாகமான ஏபிசி, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று இணையத்தில் வரைபடமாகவே போடுகிறது. பெருவில் அதே வேலையை சுத்ரான் செய்கிறது. முந்தின இரவு ஒருமுறை, கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை பாருங்கள். டெர்மினல் கவுன்டரில் "வழி திறந்திருக்கிறதா?" என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. டிக்கெட் விற்கிறவர் ஆமாம் என்றுதான் சொல்வார். நீங்கள் போக வேண்டிய ஊரிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கிய பயணிகளைக் கேளுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எந்த இடத்தில் நின்றார்கள் என்று அவர்கள் சொல்வதை நம்பலாம்.

மறியல் இருந்தும் சில கம்பெனிகள் 'த்ரான்ஸ்போர்தோ' என்று டிக்கெட் தரும். அடைப்புவரை ஒரு பஸ், நடுவில் நடை, அந்தப் பக்கம் இன்னொரு வண்டி. இதில் ஏறும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: நடக்க வேண்டிய தூரம் எவ்வளவு, அந்தப் பக்க வண்டி இதே டிக்கெட்டில் சேர்ந்ததா, அடைப்பை எத்தனை மணிக்கு அடைவோம். கேட்காமல் ஏறுகிறவர்கள்தான் 4,000 மீட்டர் உயரத்தில் 15 கிலோ பையோடு இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்து, மறுபக்கம் வண்டிக்காரர் கேட்கும் தொகையைக் கொடுக்கிறார்கள். பகலில் மட்டும், உள்ளூர்ப் பயணிகளோடு சேர்ந்து நடங்கள். மறியல்காரர்களைப் படம் எடுக்காதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். சக்கரம் வைத்த பெட்டி அந்தக் கற்களில் உருளாது.

மறியலே இல்லாமல் நாடு நிற்கும் நாளும் உண்டு. பொலிவியாவில் வாக்குப்பதிவு நாளன்று தனி அனுமதி இல்லாத வண்டி ஓடக்கூடாது. வெளியூர் பஸ்ஸும் அதில் அடக்கம். 2024 மார்ச் 23 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஊரே வீட்டுக்குள் இருந்தது. உங்கள் தேதிகளில் தேர்தல் வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்த தவறு கடிகாரம். பொலிவியா பெருவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. புனோவில் காலை 7.30க்கு ஏறி மூன்று மணி நேரத்தில் கசானி எல்லைக்கு வந்தால், பெரு நேரம் 10.30, பொலிவியா நேரம் 11.30. எல்லை தாண்டியதும் வரும் பொலிவிய ஊரான கோபகபானாவில் பிற்பகல் பஸ் மாற வேண்டியவர், கையில் இருப்பதாக நினைத்த அந்த ஒரு மணி நேரத்தை இங்கே இழக்கிறார். கசானி அலுவலகம் இரவில் திறந்திருக்காது. அதனால் புனோவிலிருந்து மதியத்துக்கு மேல் கிளம்பும் பஸ்ஸை நம்ப வேண்டாம்.

கோபகபானாவிலிருந்து லா பாஸ் போகும் வழியில் திகீனா நீரிணையில் எல்லோரும் இறங்க வேண்டும். பஸ் ஒரு மரத்தெப்பத்தில் மிதந்து போகும், ஆட்கள் சிறு படகில். படகுக் கட்டணம் பஸ் டிக்கெட்டில் சேராது, சில பொலிவியானோ சில்லறை கையில் வேண்டும். பாஸ்போர்ட், பணம் இருக்கும் சிறு பையை இருக்கையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அக்கரையில் ஒரே மாதிரி நாலைந்து பஸ் நிற்கும். காற்று பலமாக இருந்தால் தெப்பம் ஓடாது, காத்திருக்க வேண்டியதுதான்.

சின்னதாகத் தெரிந்தாலும் அடிக்கடி நடப்பது: டெர்மினல் கட்டணம். பல ஊர்களில் இதைத் தனிக் கவுன்டரில் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். பஸ் கேட்டில் நிற்கும்போது ஊழியர் ஏறி ஒவ்வொருவரிடமும் சீட்டைக் கேட்பார். இல்லாதவர் இறங்கி ஓட வேண்டியதுதான். லிமாவில் சிக்கல் வேறு. பெரிய கம்பெனிகள் பலவற்றுக்குத் தனித்தனி டெர்மினல் இருப்பதால், டிக்கெட்டில் உள்ள முகவரியை அப்படியே டாக்ஸிக்காரரிடம் காட்டுங்கள்.

இரவு பஸ்ஸில் ஸ்வெட்டரை அடியில் போகும் பைக்குள் வைக்கிறார்கள். ஜூன், ஜூலையில் உயூனி பக்கம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். வழியில் வண்டி நின்றுவிட்டால் ஹீட்டரும் நிற்கும், டிக்கியைத் திறக்கச் சொல்லியும் பயனிருக்காது. கம்பளி உடை, இரண்டு லிட்டர் தண்ணீர், பிஸ்கட், டாய்லெட் பேப்பர், பவர் பேங்க், லக்கேஜ் சீட்டு எல்லாம் மடியோடு இருக்கட்டும். பஸ்ஸில் கழிப்பறை இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் அது பூட்டியே கிடக்கலாம்.

பருவத்தை மறப்பவர்களும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பெருவின் மலைச்சாலைகளில் மண்சரிவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அர்ஜென்டினாவின் மெந்தோசாவுக்கும் சிலேயின் சாந்தியாகோவுக்கும் நடுவே உள்ள மலைக் கணவாய் பனியால் மூடப்படலாம், சில சமயம் நாள்கணக்கில். சிலேக்குள் நுழையும்போது பழம், தேன், விதை எதையும் மறைக்காதீர்கள். ஒருவர் பையில் ஆப்பிள் அகப்பட்டால் அபராதம் அவருக்கு, காத்திருப்பு பஸ் முழுவதற்கும்.

நாடு திரும்பும் விமானத்துக்கும் கடைசி பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். மறியல் பேச்சு அடிபடும் காலமென்றால் இரண்டு. லா பாஸ் விமான நிலையம் மேலே எல் ஆல்தோவில் இருக்கிறது. ஏறும் சாலை அடைபட்டால் 'மி தெலெஃபெரிக்கோ' கேபிள் காரில் எல் ஆல்தோவரை போய், அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம்.

பஸ் ரத்தானால் அச்சிட்ட டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் தேதி மாற்றிக் கேளுங்கள், பணத்தைவிட அது எளிதில் கிடைக்கும். மறுத்தால், பெரிய டெர்மினல்களில் பொலிவியப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான ஏடிடியின் கவுன்டர் இருக்கும். டிக்கெட்டோடு அங்கே போய் எழுதிக் கொடுங்கள்.