ஸ்டோன்ஃப்ளை கிளம்பும் நாட்களில் டிரவுட்டுக்கு ஃப்ளை தேர்வு: நாம் செய்யும் தவறுகள்

காட்பாடியில் உட்கார்ந்து, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி நான் கட்டித் தரும் ஃப்ளைகளை, டிரவுட் மீன் பிடிக்க அமெரிக்காவின் மொன்டானாவுக்கு எடுத்துப் போகும் தம்பிகள் நாலைந்து பேர் உண்டு, வேலூரில் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போனவர்கள். மே கடைசி ஆனதும், ஸ்டோன்ஃப்ளை என்ற ஆற்றுப்பூச்சி சிறகு முளைத்துக் கிளம்பும் அந்த நேரத்தில், எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, ஸ்டோன்ஃப்ளை கிளம்பிடுச்சாம், இருக்கிறதிலேயே பெருசா நாலு கட்டி அனுப்புங்க."

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், நானும் காவேரிப்பாக்கம் ஏரியில் தூண்டில் போட்டு வளர்ந்தவன்தான். மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பினால் தண்ணீர் முழுக்க விழும், கெண்டை மேலே வந்து வாய் திறக்கும். ஸ்டோன்ஃப்ளை அப்படி இல்லை. அதன் இளம்பூச்சி ஆற்றுக்கு அடியில் கல் இடுக்கில் வாழ்கிறது, சால்மன்ஃப்ளை என்ற பெரிய வகை மூன்று நான்கு வருடம்கூட அங்கேயே இருக்கும், பருவம் வந்ததும் கரைக்கு நடந்து வந்து கல்லிலோ செடியிலோ ஏறித்தான் தோலை உரிக்கும். ஆக, கிளம்பும் நேரத்தில் டிரவுட் தின்பது தண்ணீருக்குள் நடந்து வரும் இளம்பூச்சியைத்தான். சிறகு முளைத்தது தண்ணீருக்கு வருவதென்றால் காற்று தள்ளிவிட வேண்டும், இல்லை பெண்பூச்சி முட்டையிட வர வேண்டும், இரண்டும் பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகுதான் நடக்கும். காலைக் குளிரில் புதர் நிறையப் பூச்சி ஒட்டியிருப்பதைப் பார்த்ததும், தண்ணீர் மேல் மிதக்கும் டிரை ஃப்ளையை மாட்டிக்கொண்டு ஆற்று நடுவில் வீசுவது முதல் தவறு. இளம்பூச்சி மாதிரியை அடியில் ஓட விடுங்கள், மதியத்துக்கு மேல் டிரை ஃப்ளைக்கு மாறுங்கள், அதையும் கிளைகள் தாழ்ந்து தொங்கும் கரையை ஒட்டியே போடுங்கள்.

அடுத்தது அளவு. ஸ்டோன்ஃப்ளை என்றாலே ரெண்டு அங்குலம் என்று நினைப்பவர்கள் சால்மன்ஃப்ளையை மட்டும் பார்த்தவர்கள். அதற்கு 4, 6 நம்பர் முள் சரி. கோல்டன் ஸ்டோன் என்ற வகைக்கு 6 முதல் 10. மார்ச், ஏப்ரலில் மொன்டானாவின் பிட்டர்ரூட் ஆற்றில் வரும் ஸ்க்வாலா வகைக்கு 8 முதல் 12. யெல்லோ சாலி என்ற குட்டி மஞ்சள் பூச்சிக்கு 14, 16 வேண்டும். (நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும், புதிதாக வருபவர்கள் இதிலேயே குழம்புகிறார்கள்.) ஒரே ஆற்றில் ஒரே வாரத்தில் இதில் இரண்டு மூன்று வகை சேர்ந்து வரும், மீன் சின்னதைத் தின்றுகொண்டிருக்கும்போது நீங்கள் பெரியதைப் போட்டால் அருகில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

நான் அதிகம் சண்டை போடுவது நிறத்துக்காக. பூச்சியை மேலிருந்து பார்த்து, முதுகு கருப்பு, சரி கருப்பு ஃப்ளை என்று முடிவு கட்டுகிறார்கள். மீன் பார்ப்பது வயிற்றை அல்லவா! ஒன்றைப் பிடித்து மல்லாக்கப் போட்டுப் பாருங்கள், சால்மன்ஃப்ளையின் வயிறு நல்ல ஆரஞ்சு. மல்லாக்கப் போடும் முன்பே அது ஸ்டோன்ஃப்ளைதானா என்றும் பார்த்துவிடலாம்: சிறகு முதுகின் மேல் தட்டையாகப் படிந்திருக்கும், பின்னால் ரெண்டு வால் இருக்கும். சிறகு கூரை மாதிரி சரிந்திருந்தால் அது கேடிஸ் என்ற வேறு பூச்சி, பாய்மரம் மாதிரி நிமிர்ந்து நின்றால் மேஃப்ளை என்ற இன்னொன்று.

சேவல் கழுத்து இறகை அடர்த்தியாகச் சுற்றி ஃப்ளை தண்ணீருக்கு மேல் நிமிர்ந்து நிற்பதைப் பெருமையாகப் படம் எடுத்து அனுப்புவார்கள். வேகமான, நுரைக்கும் தண்ணீரில் அது சரிப்படும். ஓட்டம் அடங்கிய இடத்தில் நிஜப் பூச்சி வயிறு தண்ணீரில் பதியத்தான் மிதக்கும், அதனால் கத்தரியை எடுத்து அடிப்பக்க இறகைத் தட்டையாக வெட்டிவிடுங்கள். நாலைந்து நாளாக எல்லோருடைய முள்ளிலும் குத்துப்பட்ட மீனுக்கு இதுவே வேலை செய்யும், கூடவே ஒரு சைஸ் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஃப்ளை மிதப்பதற்காக உடம்பில் வைத்துக் கட்டும் ஃபோம். நம் ஊரில் இது தாராளம், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ வேலைக்கு வரும் ஷீட்டில் துண்டு கிடைத்தால் ஒரு வருடத்துக்குக் கட்டலாம். ஆனால் உள்ளங்காலுக்குப் போடும் மெத்தென்ற ஸ்பாஞ்சை எடுத்துவிடாதீர்கள், அது தண்ணீரைக் குடித்து நாலு வீச்சில் முழுகும். தண்ணீர் உறிஞ்சாத ஈவிஏ ஷீட்தான் வேண்டும், 2 மில்லிமீட்டர் போதும். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள், பிழியும்போது தண்ணீர் வந்தால் ஆகாது.

பெரிய ஃப்ளைக்கு மெல்லிய நரம்பு போடுவதும் வேண்டாம். சிறகு காற்றில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். 3எக்ஸ் போடுங்கள், சாலிக்கு மட்டும் 5எக்ஸ். (எக்ஸ் என்பது நரம்பின் பருமன் அளவு, இதிலும் நம்பர் ஏற ஏற மெல்லிசு.)

இதையெல்லாம் படித்துவிட்டு நீலகிரிக்குக் கிளம்புபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாலாற்றுப் பக்கத்துச் சூட்டில் டிரவுட் பிழைக்காது, நம் மாநிலத்தில் அதற்கு அவலாஞ்சி மாதிரி குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஆனால் சால்மன்ஃப்ளை வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துப் பூச்சி, இங்கே கிடையாது, அமெரிக்க வீடியோவைப் பார்த்துக் கட்டிய ரெண்டு அங்குல ஆரஞ்சு ஃப்ளையைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். உரிய அனுமதி வாங்கிக்கொண்டு போய், ஓடையில் நாலு கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருப்பதன் அளவைப் பார்த்துவிட்டு, கல்லைப் பழையபடி வைத்துவிட்டு, அந்த அளவுக்குக் கட்டுங்கள்.