மயக்கத்தில் யூரின் குறைந்ததும் சலைனைத் திறந்துவிடாதீர்கள்

பெருங்குடலில் லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே, வயிற்றில் வாயு ஏற்றிச் செய்யும்) ஆபரேஷன். ஒரு மணி நேரமாகியும் யூரின் பையில் 15 மில்லிதான். 60 கிலோ நோயாளிக்கு, மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி என்ற கணக்கில் 30 வந்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஜூனியரின் கை நேராக சலைன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிப் செட்டின் ரோலருக்குப் போகிறது. அங்கேதான் முதல் தவறு.

நோயாளிக்கு நினைவில்லை; ஆனால் கத்தி பட்டது உடம்புக்குத் தெரியும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, நீரைத் தேக்கும் ஹார்மோனான வாசோப்ரசினைச் சுரக்கிறது, சிறுநீரகம் நீரை வெளியே விடாமல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மயக்க மருந்தால் பிரஷர் சற்று இறங்கினால் சிறுநீரகம் சுரக்கும் ரெனின் கூடும். பின்னாலேயே அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வந்து உப்பைப் பிடித்துவைக்கும். வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். இந்த நிலையில் லிட்டர் கணக்கில் ஏற்றினால் யூரின் பெருகாது, குடலும் நுரையீரலும்தான் நீர்கோக்கும்.

அதற்காகச் சலைனை இறுக்கிப் பிடிப்பதும் சரியல்ல. பெரிய வயிற்று ஆபரேஷன் நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ரிலீஃப் ஆய்வில், திரவத்தைக் கட்டுப்படுத்திய பிரிவில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது. தாராளமாகக் கொடுத்த பிரிவில் 5 சதவீதம். ரத்தப்போக்கு, நாடி, பிரஷர், லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதவில்லை என்றால் ரத்தத்தில் ஏறும் அமிலப் பொருள்) எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என்னை மிகவும் பயமுறுத்துவது வார்டில் நடக்கும் தவறு. "ஒண்ணும் சாப்பிடலையே டாக்டர், தெம்புக்குக் குளுக்கோஸ் போடுங்க" என்பார்கள் வீட்டார். அந்தக் குளுக்கோஸ் பாட்டிலான 5% டெக்ஸ்ட்ரோஸில் உள்ள சர்க்கரையை உடம்பு எரித்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். வலி, குமட்டல், வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்து என்று எல்லாமே வாசோப்ரசினை ஏற்றியே வைத்திருப்பதால் அந்தத் தண்ணீர் வெளியேற வழியில்லை. ரத்தத்தில் சோடியம், இயல்பின் கீழ் எல்லையான 135-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும், மூளை வீங்கும். குழந்தைகளுக்கும் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் ஆபத்து அதிகம். குழந்தைக்குச் சர்க்கரை தேவைப்பட்டால், ரத்தத்துக்கு இணையான உப்புள்ள திரவத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

அப்புறம், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் அன்று அதை நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசால் எழும்பாமல் பிரஷர் விழுந்தால், சலைன் மட்டும் ஏற்றி அதை நிமிர்த்த முடியாது.

மறுநாள் காலை தலைவலி, வாந்தி, கூப்பிட்டால் அரைக்கண் திறந்து மறுபடி தூக்கம். "மயக்கம் இன்னும் தெளியலை" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போகாதீர்கள். உடனே சோடியம் பாருங்கள். இறங்கியிருந்து வலிப்பும் வந்துவிட்டால், சாதாரண சலைன் போதாது. தாமதிக்காமல், உப்பு அதிகமுள்ள 3% சலைன் கொடுக்க வேண்டும்.