.36 விட்டமா, .44 விட்டமா? இலக்குச் சுடுதலுக்குக் கருமருந்து ரிவால்வரைத் தேர்ந்தெடுக்கும் முறை

கருமருந்து எனப்படும் பழைய வகைக் கரிய வெடிமருந்தை இட்டுச் சுடும் ரிவால்வர் ஒன்றை இலக்குச் சுடுதலுக்காக வாங்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, சிறிய விட்டம் நல்லதா, பெரிய விட்டம் நல்லதா என்பதைத்தான். கேள்வியில் குற்றமில்லை, அதை முதல் கேள்வியாக வைப்பதுதான் பிழை என்பது என் கருத்து. 25 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு தாளில் துளையிடுவதற்கு .36 விட்டத்தின் வேகமே தேவைக்கு மேற்பட்டது. .44 விட்டத்தைக் குறைந்த மருந்தில் சுட்டால், இரண்டுக்கும் இடையே பெரிதாகப் பேசப்படும் வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடும். அதன்பின் எஞ்சி நிற்பவை துப்பாக்கியின் சட்டகம், குறிபார்க்கும் அமைப்பு, சிலிண்டரில் மருந்தும் குண்டும் கெட்டிக்கப்படும் மருந்தறைக்கும் குழலுக்கும் உள்ள அளவுப் பொருத்தம் ஆகிய மூன்றுமே.

பெயரில் உள்ள எண்ணை அப்படியே நம்பக் கூடாது. .36 என்று வழங்கப்படும் ரிவால்வருக்கு 0.375 அல்லது 0.380 அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டு வேண்டும்; .44 என்று வழங்கப்படுவதற்கு, செய்த நிறுவனத்தைப் பொறுத்து 0.451 அல்லது 0.454 அங்குலக் குண்டு வேண்டும். 0.375 அங்குலக் குண்டின் எடை சுமார் 80 கிரெயின், அதாவது 5.2 கிராம், 0.454 அங்குலக் குண்டு சுமார் 140 கிரெயின், அதாவது 9.1 கிராம். விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடும்போது எடை ஒன்றேமுக்கால் மடங்காகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உருண்டையின் எடை விட்டத்தின் முப்படியாக ஏறுவதே இதற்குக் காரணம்.

இவற்றினும் சிறிய .31 விட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1849ஆம் ஆண்டின் கோல்ட் பாக்கெட் ரிவால்வர் போன்றவை சட்டைப்பைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் கைப்பிடி சிறியது, குறிபார்க்கும் அமைப்பு பெயரளவுக்கே உள்ளது, ஒடுங்கிய குழலில் கரிக்கசடும் விரைவில் சேர்ந்துவிடும். பத்து மீட்டரில் பொழுதுபோக்காகச் சுடலாம். மதிப்பெண் எண்ணிச் சுடுபவருக்கு அது ஏற்றதன்று. மறுமுனையில், 1847ஆம் ஆண்டின் கோல்ட் வாக்கர் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஒரு மருந்தறையில் 60 கிரெயின் மருந்து கொள்ளும். அதை ஒரு கையில் நீட்டிப் பிடித்து அரைமணி நேரம் சுடுவது குறிபார்க்கும் பயிற்சியாக இராது, தோளுக்குத்தான் பயிற்சியாக இருக்கும்.

சிறிய விட்டம் என்றால் இலேசான துப்பாக்கி என்று எண்ணிக்கொள்வது பரவலான தவறு. கோல்ட் நிறுவனத்தின் .36 விட்டமுள்ள 1851 நேவியும் .44 விட்டமுள்ள 1860 ஆர்மியும் ஏறத்தாழ ஒரே எடை, இரண்டும் 1.2 கிலோவை ஒட்டி நிற்பவை. நேவியின் சட்டகத்தையே எடுத்து, முன்பகுதி மட்டும் அகன்ற படிவைத்த சிலிண்டரைப் பொருத்தித்தான் ஆர்மியை உருவாக்கினார்கள். ஒரே சட்டகத்தில் இரண்டு விட்டங்களையும் செய்யும்போது, சிறிய விட்டத்துக்குக் குறைவாகவே துளையிடுகிறார்கள் என்பதால், .36 துப்பாக்கி .44ஐவிடச் சற்றுக் கனமாகவே அமைவதும் உண்டு. இலக்குச் சுடுபவருக்கு இது நன்மையே: கனமான இரும்பும் இலேசான குண்டும் சேரும்போது உதை குறையும், துப்பாக்கி அடுத்த குறிக்கு விரைவில் திரும்பும்.

இருந்தாலும் .44இன் உதையை நாமே குறைத்துக்கொள்ள முடியும். .36க்கு 15 முதல் 20 கிரெயின் வரையும், .44க்கு 18 முதல் 25 கிரெயின் வரையும், மூன்று எஃப் எனப்படும் நுண்மணிக் கருமருந்து இலக்குச் சுடுதலுக்குப் போதுமானது. ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம். .44இன் மருந்தறையில் இவ்வளவு குறைந்த மருந்தை இட்டால், குண்டு அறைக்குள் ஆழமாக இறங்கி உட்காரும். சுடும்போது குழலின் வாயை அடைவதற்குள் அது பிடிப்பின்றி நீண்ட தூரம் பாய வேண்டியிருக்கும், அது குறியைக் கெடுக்கும். எனவே மருந்துக்கும் குண்டுக்கும் இடையே, சமையலுக்குப் பயன்படும் ரவையை இட்டு, குண்டு அறையின் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்கும்படி செய்வது இலக்குச் சுடுபவர்களின் வழக்கம். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்று நிற்கும் வெற்றிடம் ஒருபோதும் இருக்கக் கூடாது. இடிகோலால் அனைத்தையும் இறுக்கிக் கெட்டிக்க வேண்டும். .36இன் அறை சிறியதாகையால் அதற்கு ரவை சிறிதளவே தேவைப்படும், சில வேளை தேவையே படாது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு வேலை குறைகிறது என்பது பார்வைக்குச் சிறியது. ஒரு நாளில் அறுபது குண்டு சுடுபவருக்கு அது சிறியதன்று.

பெரிய துளை பெரிய மதிப்பெண் தரும் என்ற வாதத்தையும் கணக்கிட்டே பார்க்கலாம். கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண் என்ற விதியுள்ள இடத்தில், 11.5 மில்லிமீட்டர் குண்டு 9.5 மில்லிமீட்டர் குண்டைவிட ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டுமே கூடுதலாக எட்டும். முன்வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கான பன்னாட்டுக் குழுவின் மாரியெட் போட்டி 25 மீட்டரில் நடக்கிறது. 30 நிமிடங்களில் 13 குண்டுகள் சுட்டு, அவற்றில் சிறந்த 10 மட்டும் கணக்கில் கொள்ளப்படும். அங்கே பயன்படும் இலக்குத்தாளின் பத்தாம் வளையம் 50 மில்லிமீட்டர் அகலமுள்ளது. ஒரு மில்லிமீட்டரால் வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படும் நிலையை எட்டியவருக்கு இக்கட்டுரை தேவைப்படாது. 50 மீட்டர் தொலைவில் கதை மாறும்; இலேசான உருண்டைக் குண்டு வேகத்தை விரைவில் இழக்கும், பக்கக் காற்றுக்கும் எளிதில் வளையும். அந்தத் தொலைவில் தொடர்ந்து சுடும் எண்ணம் இருந்தால் .44ஐத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். கோல்ட் வகைத் துப்பாக்கிகளில் சிலிண்டருக்கு மேலே பாலம் கிடையாது. குழலைச் சட்டகத்தோடு பிணைப்பது ஓர் ஆப்பு மட்டுமே. பின்குறியோ சுத்தியின் தலையில் வெட்டிய ஒரு சிறு பள்ளம். சுத்தி அசைந்தால் குறியும் அசையும். 25 மீட்டரில் இவை பெரும்பாலும் குறிக்கு மேலேயே சுடும் என்பதால், உயரமான முன்குறியைப் பொருத்த வேண்டியிருக்கும் அல்லது தாளின் அடியில் குறிவைக்கப் பழக வேண்டியிருக்கும். 1858 என்ற ஆண்டின் பெயரால் அழைக்கப்படும் ரெமிங்டன் வகையில் மேற்பாலம் உண்டு. குழல் சட்டகத்தில் திருகிப் பொருத்தப்பட்டது. பின்குறி அந்தப் பாலத்திலேயே வெட்டிய காடியாக அசையாமல் நிற்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், 1865இல், ஒப்படைக்கப்பட்டுப் போரில் பயன்படாமலே போன ராஜர்ஸ் அண்டு ஸ்பென்சரும் இதே போல மேற்பாலம் கொண்டதுதான். போருக்கு உதவாத அந்தத் துப்பாக்கி, தன் கைப்பிடியின் அமைப்பாலும் உறுதியாலும் இன்றைய இலக்குச் சுடுபவர்களின் விருப்பத்துக்குரியதாகிவிட்டது ஒரு வேடிக்கை. அது .44இல் மட்டுமே உள்ளது. இலக்குச் சுடுதலுக்கென்றே நுட்பமாகச் செய்யப்படும் மேற்பாலத் துப்பாக்கிகளும் பெரும்பாலும் .44இலேயே கிடைக்கின்றன. போட்டிக்காரர்கள் பலர் .44 வைத்திருப்பதற்குக் காரணம் விட்டத்தின் மேன்மையைக் காட்டிலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ரெமிங்டனிலும் ஒரு குறை உண்டு. அதன் சிலிண்டர் அச்சு மெல்லியது. கரிக்கசடு சேரும்போது சிலிண்டர் விரைவில் இறுகிவிடும். கோல்டின் பருத்த அச்சில் மசகு தங்கும் காடிகள் இருப்பதால் அது கூடுதல் நேரம் சுழலும். ஆனால் ரெமிங்டனில் சிலிண்டரை நொடியில் வெளியே எடுத்துத் துடைத்து மாட்டிவிடலாம் என்பதால் இக்குறையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. 1972 முதல் 2008 வரை செய்யப்பட்ட ரூகர் ஓல்ட் ஆர்மி இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, 0.457 அங்குலக் குண்டு கொள்வது. ஆனால் அது நவீன வடிவம், ஆதலால் வரலாற்று வடிவங்களுக்கு மட்டுமே இடமளிக்கும் போட்டிகளில் அதற்கு இடமிராது.

விலை குறைவு என்பதற்காகப் பித்தளைச் சட்டகம் கொண்ட .44 ரிவால்வரை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிகுதியான மருந்தில் பித்தளை மெல்ல மெல்ல இளகி, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி விரிந்துகொண்டே போகும். பித்தளைதான் வேண்டுமென்றால் .36ஐ எடுத்து மருந்தையும் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது. இன்று விற்கப்படும் .44 விட்ட “1851 நேவி” என்பதை கோல்ட் நிறுவனம் அன்று தொழிற்சாலையில் செய்ததே இல்லை என்பதையும் வரலாற்று ஆர்வமுள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் அளந்து பார்க்க வேண்டியது மருந்தறையின் வாயையும் குழலின் உட்காடிகளையும். கெட்டிக்கும்போது குண்டின் ஓரம் சீவப்பட்டு, அது மருந்தறையின் விட்டத்துக்கே வந்துவிடுகிறது. அந்த விட்டம் குழலின் காடி விட்டத்தைவிடக் குறைவாக இருந்தால், குண்டு காடிகளை நிரப்பாமல் தளர்வாக ஓடும். எவ்வளவு நல்ல மருந்தும் எவ்வளவு நிதானமான கையும் அதைச் சரிசெய்யாது. இன்றைய மறுபடைப்புகள் பலவற்றில் இரு விட்டங்களிலும் இந்தக் குறை காணப்படுகிறது. மென்மையான ஈயக் குண்டு ஒன்றைக் குழலின் வழியே தட்டி எடுத்து, அதில் பதிந்த உயர்ந்த வரம்புகளை நுண்ணளவியால் அளந்தால் காடி விட்டம் தெரியும். மருந்தறை அதற்குச் சமமாகவோ மயிரிழை கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஆறு அறைகளும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் துப்பாக்கித் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து அறைகளை ஒரே அளவாகக் குடைந்துகொள்ளலாம். பொருத்தமான அறைகள் கொண்ட .36, பொருந்தாத அறைகள் கொண்ட .44ஐ எந்த நாளும் வெல்லும், மறுதலையும் உண்மையே.

குண்டு தூய மென்ஈயமாக இருக்க வேண்டும். கெட்டிக்கும்போது முழுமையான ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு வெளியே விழ வேண்டும்; வளையம் அரைகுறையாக இருந்தால் அடுத்த அளவுக் குண்டுக்குப் போக வேண்டும். தளர்வான குண்டு உதையில் முன்னோக்கி நகர்ந்து சிலிண்டரைச் சிக்கவைக்கும்; .44இல் இது எளிதில் நேரும். ஓர் அறையின் தீ மற்றோர் அறைக்குத் தாவும் ஆபத்துக்கும் அது இடங்கொடுக்கும். அதைத் தவிர்க்க, குண்டின் அடியில் மசகு ஊறிய கம்பளி வில்லை வைப்பது அல்லது குண்டின் மேல் மசகு பூசுவது, சிலிண்டரின் பின்புறக் காம்புகளில் இறுக்கமாகப் பொருந்தும் கேப்புகளையே (சுத்தி அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடிகள்) பயன்படுத்துவது ஆகிய இரண்டும் கட்டாயம். குடுவையிலிருந்து நேரடியாக அறைக்குள் மருந்தைக் கொட்டாமல், தனி அளவைக் குழாயில் எடுத்தே இட வேண்டும். புகையற்ற நவீன மருந்தை இத்துப்பாக்கிகளில் ஒரு துளிகூட இடக் கூடாது. விட்டம் எதுவானாலும் அது சிலிண்டரை வெடிக்கச் செய்யும். உரிமம் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வாங்குவதற்கு முன்பே அதை அறிந்துகொள்ள வேண்டும்.

குண்டைத் தாமே வார்ப்பவருக்குச் செலவுக் கணக்கும் ஒரு காரணம். ஒரு கிலோ ஈயத்தில் .36க்குச் சுமார் 190 குண்டுகளும் .44க்குச் சுமார் 110 குண்டுகளும் கிடைக்கும். ஒரு கிலோ மருந்தை 15 கிரெயினாகப் பகிர்ந்தால் ஏறத்தாழ 1000 முறையும், 22 கிரெயினாகப் பகிர்ந்தால் 700 முறையும் சுடலாம். கைவலிமை குறைந்தவர்கள் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: பெரிய குண்டைச் சீவி இறக்குவதற்கு நெம்புகோலில் கூடுதல் விசை வேண்டும். சிலிண்டரை வெளியே எடுத்துத் தனித் தாங்கியில் கெட்டித்தால் அந்தச் சிரமம் பெருமளவு குறையும். ஆனால் விரல் பருத்தவர்களுக்கு .36இன் சின்னஞ்சிறு குண்டையும் வில்லையையும் கசடு படிந்த கையால் பிடிப்பதே தொல்லை.

இரண்டையும் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், ஒரே நாளில், ஒரே 25 மீட்டரில், முதலில் மணல்மூட்டையில் தாங்கி இரண்டிலும் ஐந்து ஐந்தாகச் சுட வேண்டும். பிறகு கையில் நீட்டிப் பிடித்து இரண்டிலும் மூன்று முறை சிலிண்டரை நிரப்பிச் சுட வேண்டும். தாங்கிச் சுட்ட தாள் துப்பாக்கியின் தரத்தைக் காட்டும். கையால் சுட்ட தாள் நம்மைக் காட்டும். மூன்றாவது சிலிண்டரில் .44இன் துளைகள் மட்டும் விரிந்து பரவினால், .36ஐ வாங்குவதே சரி. இரண்டும் ஒரே அளவாக விரிந்தால், எதன் குறிகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தனவோ அதை வாங்கலாம்.