8085-இல் கால் (CALL) கட்டளையைச் சுற்று சுற்றாகப் பின்தொடர்வது எப்படி?

காட்பாடியில் டிப்ளமோ மாணவர்களுக்கு மாலையில் இன்டெல் 8085 நுண்செயலிப் பாடம் நடத்துகிறேன். துணைநிரலை அழைக்கும் கால் கட்டளைக்கு 18 டி-ஸ்டேட் (கடிகாரத் துடிப்பு) என்று தடையின்றிச் சொல்பவர்களும், அந்தப் பதினெட்டும் எங்கே செலவாகின்றன என்று கேட்டால் தயங்குகிறார்கள். ஒரு தாளும் பென்சிலும் ஆய்வகக் கிட்டும் இருந்தால் அதை நீங்களே கண்டறியலாம்.

கிட்டில் 4100 முதல் 31, 02, 45 என்றும், 4103 முதல் சிடி (CD), 00, 42 என்றும், 4200-இல் 76 என்றும் ஏற்றுங்கள். எல்லாம் ஹெக்ஸ் (பதினாறு அடிமான) எண்கள். உங்கள் கிட்டில் ரேம் வேறிடத்தில் தொடங்கினால் முகவரிகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதல் கட்டளை, திரும்பவேண்டிய முகவரிகளைச் சேமிக்கும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியின் உச்சியைக் காட்டும் ஸ்டாக் பாயிண்டரை 4502-இல் நிறுத்துகிறது. அடுத்தது 4200-ஐ அழைக்கிறது. அங்கே ஓட்டத்தை நிறுத்தும் ஹால்ட் கட்டளை காத்திருக்கிறது.

தாளில் முகவரி, தரவு, புரோகிராம் கவுண்டர் (அடுத்துப் படிக்கவேண்டிய பைட்டின் முகவரியை வைத்திருப்பது), ஸ்டாக் பாயிண்டர் என நான்கு பத்திகள் இட்டுக் கால் கட்டளையிலிருந்து எழுதத் தொடங்குங்கள். முதல் மெஷின் சைக்கிளில் (நினைவகத்தை ஒருமுறை அணுகும் சுற்றில்) 4103-இலிருந்து சிடி வருகிறது. வழக்கமான நான்கு டி-ஸ்டேட்டுக்குப் பதில் இங்கே ஆறு ஆவதற்குக் காரணம், கட்டளை இன்னதென்று புரிந்தபின் ஸ்டாக் பாயிண்டரை 4501-க்கு இறக்கிவைக்கும் வேலை அதே சைக்கிளில் நடப்பதுதான். அடுத்த இரண்டு சைக்கிள்களில், மும்மூன்று டி-ஸ்டேட்டில், 00 இசட் என்ற தற்காலிகப் பதிவகத்துக்கும் 42 டபிள்யூவுக்கும் செல்கின்றன. இந்த இரண்டு பதிவகங்களும் நிரல் எழுதுபவர் கண்ணில் படாதவை. ஆனால் அவை இல்லாவிட்டால், போகவேண்டிய முகவரியை வைத்துக்கொள்ள இடமில்லாமல், திரும்பவேண்டிய முகவரியைப் புரோகிராம் கவுண்டரிலேயே அழிக்க நேர்ந்திருக்கும். மூன்று பைட்டுகளையும் கடந்த கவுண்டரில் இப்போது 4106 இருக்கிறது. நான்காம் சைக்கிள் அதன் மேல்பாதி 41-ஐ 4501-இலும், ஐந்தாம் சைக்கிள் கீழ்ப்பாதி 06-ஐ 4500-இலும் எழுதுகின்றன. அடுத்த கட்டளையை எடுக்கும்போது டபிள்யூ, இசட் இரண்டும் முகவரிப் பாதையில் வந்து நிற்கின்றன. 6.144 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் உள்ள கிட்டில், உள்ளே கடிகாரம் அதில் பாதியாக ஓடுவதால், கால் கட்டளை முழுவதும் சுமார் 5.86 மைக்ரோ செகண்டில் முடிகிறது.

நிரலை ஓட்டி, ரீசெட் அழுத்தி, 4500-ஐயும் 4501-ஐயும் பாருங்கள்; 06, 41 இருந்தால் உங்கள் அட்டவணை சரி.

இந்த வரிசை எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவன்று. 1975-இல் வந்த 6502 நுண்செயலியில், கால் கட்டளைக்கு இணையான ஜேஎஸ்ஆர் ஆறு கடிகாரச் சைக்கிள்களில் முடிகிறது. அது முகவரியின் கீழ்பைட்டைப் படித்தபின், மேல்பைட்டைப் படிக்கும் முன்னரே புரோகிராம் கவுண்டரை ஸ்டாக்கில் எழுதிவிடுகிறது. ஆகையால் அங்கே சேமிக்கப்படுவது அடுத்த கட்டளையின் முகவரியன்று, ஜேஎஸ்ஆரின் கடைசிப் பைட்டின் முகவரி. குறைந்துபோன அந்த ஒன்றை, துணைநிரலிலிருந்து திரும்பவைக்கும் ஆர்டிஎஸ் கட்டளை திரும்பும்போது கூட்டிக்கொள்கிறது.